இணைப்பு விமானத்தில் கைப்பெட்டி: 7 கிலோவா, 10 கிலோவா, யார் கணக்கு செல்லும்?

2024 டிசம்பர் கடைசியில் "இனிமேல் ஒரே ஒரு கைப்பைதான், அதுவும் 7 கிலோதான்" என்ற செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் வேகமாகப் பரவியது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ அமெரிக்காவிலோ பிள்ளைகள் இருக்கும் வீடுகள் ஏராளம். அதனால் இந்தச் செய்தி இங்கே நிறையப் பேரைக் குழப்பியது. டிக்கெட்டில் 10 கிலோ என்று போட்டிருக்கிறதே, அது ரத்தாகிவிட்டதா? சிங்கப்பூரில் விமானம் மாறும்போது மறுபடியும் எடை போடுவார்களா? ஆச்சி கட்டிக் கொடுக்கும் ஊறுகாய் டப்பா எந்தப் பெட்டியில் போக வேண்டும்?

கைப்பெட்டிக்கு ஒரே ஒரு விதி இருப்பதாக நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். விமான நிறுவனம் ஒரு விதி வைக்கிறது, விமான நிலையப் பாதுகாப்புத் துறை இன்னொன்று வைக்கிறது, இறங்குகிற நாடு தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது. நேர் விமானத்தில் இந்த மூன்றையும் ஒரு தடவை தாண்டினால் போதும். இணைப்பு விமானத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் தாண்ட வேண்டியிருக்கும். வழியில் எது மிகக் கடுமையான விதியோ, அதற்குத் தகுந்தாற்போல்தான் வீட்டிலேயே பெட்டி கட்ட வேண்டும்.

முதலில் நான்கு சொற்கள்

1. ஹேண்ட் லக்கேஜ்: பயணி தன் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோய், இருக்கைக்கு மேலே உள்ள அறையில் வைக்கும் பெட்டி. இதைத்தான் கைப்பெட்டி, கைப்பை, கேபின் பேக் என்றும் சொல்கிறார்கள்.

2. சின்னப் பை: பெண்களின் தோள்பை, லேப்டாப் பை மாதிரி முன் இருக்கைக்கு அடியில் போகக்கூடியது. சில நிறுவனங்கள் இதன் எடையையும் பெட்டியோடு சேர்த்தே கணக்கிடும்.

3. இயக்கும் நிறுவனம்: டிக்கெட்டை ஒரு நிறுவனம் விற்கும், விமானத்தை இன்னொரு நிறுவனம் ஓட்டும். கைப்பெட்டியைப் பொறுத்தவரை அந்தந்தப் பகுதியில் விமானத்தை ஓட்டுகிறவர் விதியைப் பார்ப்பதே பாதுகாப்பு. டிக்கெட்டில் விமான எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் இந்தப் பெயர் இருக்கும்.

4. ஒரே டிக்கெட், தனித்தனி டிக்கெட்: முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருந்தால், கவுண்ட்டரில் கொடுத்துவிடும் செக்-இன் பெட்டி பொதுவாகக் கடைசி ஊர்வரை தானாகப் போய்ச் சேரும். அமெரிக்கா இதில் விலக்கு: அங்கே பெரும்பாலும் முதலில் இறங்கும் விமான நிலையத்தில் பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடியும் கொடுக்க வேண்டும். இரண்டு டிக்கெட் தனித்தனியாக வாங்கியிருந்தால் எல்லா இடத்திலும் நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எண்ணிக்கை வேறு, எடை வேறு

இந்தியாவில் "ஒரு பயணிக்கு ஒரு கைப்பை" என்பது பாதுகாப்புத் துறையின் விதி. விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பைக் கவனிக்கும் பிசிஏஎஸ் அமைப்பு இதை 2000-ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கையாகக் கொடுத்துவிட்டது. பெண்களின் தோள்பை போன்ற சில பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. சோதனை வரிசையில் நெரிசல் கூடியதால், 2022 ஜனவரியில் இதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தும்படி நினைவூட்டினார்கள். 2024 டிசம்பரில் வந்த செய்தியும் இதன் தொடர்ச்சிதான். புதிதாக முளைத்த சட்டம் இல்லை.

7 கிலோ என்பது பெரும்பாலும் நிறுவனங்கள் வைத்திருக்கும் எடை. ஏர் இந்தியா 2024 மே 2 முதல் வழங்கும் டிக்கெட்டுகளுக்கு எகானமியில் 7 கிலோ, பிசினஸிலும் முதல் வகுப்பிலும் 10 கிலோ என்று வைத்தது. அதற்கு முன் எகானமியில் 8 கிலோ இருந்தது. இந்த இரண்டு விஷயமும் ஒரே செய்தியில் கலந்து வந்ததால்தான், எல்லா நிறுவனத்துக்கும் அரசே 7 கிலோ என்று முடிவு செய்துவிட்டதாகப் பலர் புரிந்துகொண்டார்கள்.

இந்தியாவில் ஏறுவதற்கென்றே தனி விதி வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் உண்டு. எமிரேட்ஸில் பிசினஸ் வகுப்புப் பயணி மற்ற நாடுகளில் இரண்டு கைப்பை எடுத்துப் போகலாம். இந்தியாவில் ஏறினால் எந்த வகுப்பானாலும் ஒன்றுதான். போகும்போது ஒன்று, வரும்போது இரண்டு என்று ஆவது இதனால்தான்.

ஏன் இவ்வளவு கறார்?

இடம்தான் முதல் காரணம். ஒரே நடைபாதை கொண்ட விமானத்தில் சுமார் 180 பேர் உட்காருகிறார்கள். எல்லோரும் சக்கரப் பெட்டியோடு வந்தால் மேலறை போதாது, கடைசியில் ஏறுகிறவர் பெட்டி கீழே போகும். சென்னை வழியாகப் போகிறவர்கள் சில நேரம் சின்ன ஏடிஆர் விமானத்தில் ஏற வேண்டியிருக்கும். அதில் மேலறை இன்னும் குறுகல்.

அடுத்தது எடை. செக்-இன் பெட்டிகளைத் தராசில் நிறுத்துவதால் அவற்றின் எடை துல்லியமாகத் தெரியும். பயணியை எடை போடுவதில்லை. கைப்பையோடு சேர்த்து ஒரு பயணிக்கு இவ்வளவு என்று ஒரு சராசரியை வைத்துத்தான் விமானத்தின் மொத்த எடையைப் போடுகிறார்கள். ஒவ்வொருவரும் 5 கிலோ கூடுதலாகத் தூக்கி வந்தால், 180 பேருக்கு 900 கிலோ கணக்கில் வராமல் ஏறிவிடும்.

உலகம் முழுக்க ஒரே அளவு வைத்தால் என்ன என்று கேட்கலாம். விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐஏடிஏ 2015 ஜூனில் 55 x 35 x 20 செ.மீ. என்று ஒரு பொது அளவை முன்வைத்துப் பார்த்தது. கையில் இருக்கும் பெட்டியெல்லாம் வீணாகிவிடும் என்று எதிர்ப்பு கிளம்பியதால் அதே மாதத்தில் நிறுத்திவைத்தது. அதனால் இன்றைக்கும் ஆளுக்கொரு அளவுதான்.

திருச்சி – சிங்கப்பூர் – லண்டன்: ஒரு கணக்கு

செட்டிநாட்டுக்காரர்களுக்கு நன்றாகப் பழகிய வழி இது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர்வரை ஸ்கூட், அங்கிருந்து லண்டனுக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்.

1. ஸ்கூட் எகானமியில் பெட்டியும் சின்னப் பையும் சேர்த்து 10 கிலோ. பெட்டியின் அளவு 54 x 38 x 23 செ.மீ.

2. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமியில் கைப்பெட்டி ஒன்று, 7 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அதோடு ஒரு சின்னப் பை.

3. 54, 38, 23 மூன்றையும் கூட்டினால் சரியாக 115. ஆக, அளவில் சிக்கல் இல்லை. எடையில்தான் சிக்கல்.

பெட்டியில் 9.5 கிலோ, தோள்பையில் அரைக் கிலோ என்று திருச்சியில் தாராளமாக ஏறியவர், சிங்கப்பூரில் லண்டன் விமானத்தின் கேட்டுக்கு வரும்போது பெட்டியில் 2.5 கிலோ அதிகம் வைத்திருக்கிறார். இரண்டு நிறுவனமும் ஒரே குழுமம்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது. எல்லோர் பெட்டியையும் எடை போட்டுப் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் விமானம் நிரம்பியிருக்கும் நாளில்தான் பார்ப்பார்கள். பள்ளி விடுமுறைக்கும் பொங்கலுக்கும் வந்து திரும்புகிறவர்களுக்கு விமானம் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும்.

அந்த 7 கிலோவுக்குள் உண்மையில் எவ்வளவு போகும்? சக்கரம் வைத்த டிராலி வெறும் பெட்டியாகவே 2.5 முதல் 3 கிலோ வரும். லேப்டாப்பும் சார்ஜரும் சேர்ந்தால் சுமார் 2 கிலோ. மிச்சம் 2 கிலோ. அதில் ஒரு மாற்றுத்துணி, மருந்து, ஃபைல். மனகோலத்தையும் சீப்புச்சீடையையும் எவர்சில்வர் தூக்கில் போட்டு அதையும் உள்ளே வைத்தால் தூக்கின் எடையே கணக்கைக் கெடுத்துவிடும். என்னைக் கேட்டால், இணைப்பு விமானத்துக்குச் சக்கரப் பெட்டியைவிட ஒரு கிலோவுக்குள் வரும் துணி முதுகுப்பை எவ்வளவோ மேல். பலகாரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டால் போதும், நொறுங்கினாலும் ருசி போகாது.

115 என்ற எண்ணை மட்டும் நம்பக் கூடாது

கூட்டுத்தொகை சரியாக இருந்தாலும் ஏதாவது ஒரு பக்கம் நீண்டிருக்கலாம். எகானமி வகுப்பில் சில நிறுவனங்களின் அளவுகள்:

- ஏர் இந்தியா: 55 x 40 x 20 செ.மீ., 7 கிலோ
- எமிரேட்ஸ்: 55 x 38 x 22 செ.மீ., 7 கிலோ
- கத்தார் ஏர்வேஸ்: 50 x 37 x 25 செ.மீ., 7 கிலோ
- ஏர் ஏசியா: 56 x 36 x 23 செ.மீ., சின்னப் பையோடு சேர்த்து 7 கிலோ
- பிரிட்டிஷ் ஏர்வேஸ்: 56 x 45 x 25 செ.மீ., 23 கிலோ
- பெரிய அமெரிக்க நிறுவனங்கள்: 56 x 35 x 23 செ.மீ., எடையைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை

ஏர் இந்தியாவுக்குப் பொருந்தும் 55 செ.மீ. பெட்டி, கத்தார் விமானத்தின் அளவுச்சட்டத்துக்குள் 5 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பட்டியலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் சிறிய எண்ணை எடுத்துக்கொண்டால் 50 x 35 x 20 என்று வருகிறது. புதுப் பெட்டி வாங்குகிறவர்கள் இந்த அளவுக்குள் வாங்கிவிட்டால் இந்தப் பட்டியலில் உள்ள எந்த நிறுவனத்திலும் தலைவலி இல்லை. அளவு எடுக்கும்போது சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்தே எடுக்க வேண்டும். கடையில் 20 இஞ்ச் என்று சொல்லும் பெட்டி சக்கரத்தோடு அளந்தால் கூடுதலாக இருக்கும். நிறுவனங்கள் இந்த எண்களை மாற்றுவதுண்டு, அதனால் கிளம்பும் வாரத்தில் அவர்கள் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

திரும்பி வரும் பயணத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவுக்குள் ஓடும் விமானத்தில் யாரும் எடை பார்க்காததால் 12 கிலோ பெட்டியோடு ஏறிவிடுவார்கள். அடுத்து துபாய்க்கோ தோஹாவுக்கோ ஏறும் இடத்தில் 7 கிலோ விதி வந்து நிற்கும்.

சோதனை ஒரு தடவையோடு முடிவதில்லை

திருச்சியில் சோதனை முடிந்து முத்திரை விழுந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். இடையில் மாறும் விமான நிலையங்களில் பெரும்பாலும் மறுபடியும் சோதனை உண்டு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நான்காம் முனையம் தவிர மற்ற முனையங்களில் சோதனை கேட் வாசலிலேயே நடக்கிறது. உள்ளே நிரப்பிய தண்ணீர் பாட்டிலைக்கூட அங்கே காலி செய்ய வேண்டிவரும்.

திரவம்: 2006 ஆகஸ்டில், அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி லண்டனில் பிடிபட்டது. 100 மி.லி. விதி அதிலிருந்து வந்தது. ஒவ்வொரு குப்பியும் 100 மி.லி.க்குள், எல்லாக் குப்பியும் ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் உறைக்குள். புது ஸ்கேனர் வைத்த சில விமான நிலையங்கள் தளர்த்தியிருந்தாலும், வழியில் ஒரு நிலையம் பழைய விதியில் இருந்தாலே போதும், பொருள் போய்விடும். பார்ப்பது குப்பியின் கொள்ளளவை. 200 மி.லி. பாட்டிலில் கால்வாசி எண்ணெய் இருந்தாலும் அது 200 மி.லி. பாட்டில்தான். நெய், தேன், எண்ணெய் மிதக்கும் ஊறுகாய், புளிக்காய்ச்சல், பஞ்சாமிர்தம் எல்லாம் இந்தக் கணக்கில் திரவம். தேன்குழல், மாவுருண்டை, கைமுறுக்கு, அதிரசம் திடப்பொருள், அவற்றுக்குத் தடை இல்லை. குழந்தைக்கான பால், மருத்துவர் சீட்டோடு உள்ள மருந்து ஆகியவற்றுக்குத் தேவையான அளவு விலக்கு உண்டு.

டியூட்டி ஃப்ரீயில் வாங்கும் பெரிய பாட்டிலை, முத்திரையிட்ட பாதுகாப்பு உறையில் ரசீதோடு தருவார்கள். கடைசி ஊர் வரும்வரை அதைப் பிரிக்கவே கூடாது. அமெரிக்காவில் உள்நாட்டு விமானம் மாறுகிறவர்கள், முதல் நிலையத்தில் செக்-இன் பெட்டி கைக்கு வரும்போது அந்தப் பாட்டிலை அதற்குள் வைத்துவிடுவது இன்னும் பாதுகாப்பு.

பொடி: இது நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 2018 ஜூன் 30 முதல் அமெரிக்கா போகும் விமானங்களில், கைப்பையில் 350 மி.லி. கொள்ளளவுக்கு மேல் பொடி இருந்தால் கூடுதல் சோதனை, திருப்தி இல்லையென்றால் அனுமதி இல்லை. இது ஒரு குளிர்பான டின் அளவு. அரைக் கிலோ மிளகாய்ப்பொடியே இதைத் தாண்டிவிடும். அமெரிக்காவுக்குக் கடைசியாக ஏறும் நிலையத்தில் இதைப் பார்ப்பார்கள். திருச்சியில் ஒன்றும் சொல்லாத மசாலாப்பொடி சிங்கப்பூரிலோ தோஹாவிலோ வெளியே எடுக்கப்படுவது இதனால். பொடி வகை எதுவானாலும் செக்-இன் பெட்டியில் போவதே சரி.

கசகசா: குருமாவுக்கு அரைக்கும் இந்தப் பொருள் ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்டது. சிங்கப்பூரிலும் போதைப்பொருள் தடுப்புத் துறையின் தடைப் பட்டியலில் இருக்கிறது. துபாய் வழியாகப் போகிறவரும் சிங்கப்பூர் வழியாகப் போகிறவரும் இதை எந்தப் பெட்டியிலும் வைக்கவே கூடாது. அரைத்த மசாலாவில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். பொருள் பறிபோவதோடு நிற்காது, வழக்கு வரை போகக்கூடிய விஷயம் இது.

கொப்பரைத் தேங்காய்: எண்ணெய்ப்பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று ஆபத்தான பொருட்களின் பட்டியலில் ஐ.நா. எண் 1363-இல் இருக்கிறது. இதையும் விட்டுவிட வேண்டும்.

காரைக்குடி பழம்பொருள் கடைகளில் வாங்கும் பித்தளைச் சாமான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. வாங்கியது அவ்வளவு பழையது இல்லை என்றாலும், பார்வைக்குப் பழசாக இருந்தால் தொல்லியல் துறையின் சான்றிதழ் கையில் இருப்பது நல்லது.

பவர் பேங்கும் கேட்டில் வாங்கப்படும் பெட்டியும்

லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் விமானத்துக்குள் ஆட்கள் இருக்கும் இடத்தில் அணைக்கலாம், கீழே சரக்கறையில் உடனே கவனிக்க ஆளில்லை. அதனால் பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போகலாம். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-அவர்வரை என்றால் எடுத்துப் போகலாம், 100 முதல் 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. கணக்கு எளிது: 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் என்றால் 20 ஆம்பியர்-அவர், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-அவர்.

இங்கேயும் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவோ சார்ஜ் செய்யவோ தடை விதித்தன. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒன்று மட்டும் என்றது, அதையும் பயன்படுத்தக் கூடாது.

கேட்டில் இடமில்லை என்றோ எடை கூடியது என்றோ உங்கள் பெட்டியை வாங்கினால், அந்த நொடியிலிருந்து அது செக்-இன் பெட்டி. உடனே செய்ய வேண்டியவை:

1. பவர் பேங்கையும் தனி பேட்டரிகளையும் வெளியே எடுங்கள்.

2. மருந்து, பாஸ்போர்ட், நகை, வீட்டுச்சாவி, சான்றிதழ்கள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றை முதலிலிருந்தே ஒரு சின்னத் துணிப்பையில் தனியாக வைத்திருந்தால் வரிசையில் நின்றுகொண்டு பெட்டியைக் கிளற வேண்டாம்.

3. ஒட்டும் டேகில் எந்த ஊர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். சில நேரம் விமான வாசலிலேயே திருப்பித் தருவார்கள், சில நேரம் கடைசி ஊருக்குப் போய்விடும். தெரியாமல் போனால் மாறும் நிலையத்தில் நின்று வீணாகத் தேட வேண்டிவரும்.

4. டேகின் துண்டுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி செக்-இன் பெட்டி தொலைந்தால் நிறுவனமே பொறுப்பு. 2024 டிசம்பர் 28 முதல் அந்தப் பொறுப்பின் உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர், அதாவது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. சேதம் என்றால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். கையில் வைத்திருக்கும் பைக்கு, நிறுவனத்தின் தவறால் சேதம் வந்தால்தான் அவர்கள் பொறுப்பு.

தனித்தனி டிக்கெட் எடுத்தவர்கள்

செலவைக் குறைக்க கோலாலம்பூர்வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொன்று என்று எடுப்பவர்கள் செக்-இன் பெட்டியே வேண்டாம், கைப்பையோடு போய்விடலாம் என்று முடிவெடுப்பார்கள். பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரம் மிச்சம் என்பது சரிதான். ஆனால் இரண்டாவது நிறுவனம் உங்களைப் புதுப் பயணியாகத்தான் பார்க்கும், தன் கவுண்ட்டரில் புதிதாக எடை போடும். ஏர் ஏசியா கோலாலம்பூரில் இரண்டாம் முனையத்தில் இறங்குகிறது, மலேசியா ஏர்லைன்ஸ் முதலாம் முனையத்தில் ஏறுகிறது. இடையில் குடிநுழைவை (இமிகிரேஷன்) தாண்டி வெளியே வந்து மாற வேண்டும். கூடுதல் எடைக்கு அங்கே பணம் கட்டினால், டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது பெரும்பாலும் கரைந்துவிடும்.

கிளம்புவதற்கு முன்

டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு பகுதிக்கும் விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் எடை, அளவு, பை எண்ணிக்கை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும் பயணத்துக்கும் அப்படியே. ஒவ்வொரு வரிசையிலும் குறைந்த எண்ணைச் சுற்றிவிடுங்கள். அப்புறம் சுற்றிய எண்ணுக்குப் பெட்டியைக் கட்டி, கொக்கித் தராசில் தூக்கிப் பாருங்கள். அரைக் கிலோ குறைவாக வைப்பது நல்லது, வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

கூடுதலாக இருந்தால் செக்-இன் எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்குவது, கேட்டில் கட்டுவதைவிடப் பொதுவாக மலிவு.

காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 90 கிலோமீட்டர். வழியனுப்ப வருகிறவர்கள் முனையத்துக்குள் வர முடியாது, அதனால் வாசலில் இறக்கிவிட்டு உடனே கிளம்பிவிடுகிறார்கள். போர்டிங் பாஸ் வாங்கி, கைப்பெட்டியையும் எடை போட்டுப் பார்த்துவிட்டேன் என்று உள்ளே இருந்து போன் வரும்வரை வண்டி அங்கேயே நிற்கட்டும். குடிநுழைவுக் கவுண்ட்டரைத் தாண்டுவதற்கு முன்னால் என்றால், அதிகப்படியான ஊறுகாய் டப்பாவையும் மசாலாப்பொடியையும் வாசலில் காத்திருக்கும் வீட்டுக்காரர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட இன்னும் வழி இருக்கிறது.